குளோரின் தொட்டிக்குக் காவல் மட்டும் போதுமா?

2023 ஜூலை 25 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 409, எதிர்ப்பு 1. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகள் இப்படிக் கைகோப்பது அபூர்வம். ஆனாலும் மசோதா சட்டமாகவில்லை. மேலவையில் அதை வாக்கெடுப்பின்றி நிறைவேற்ற முயன்றபோது கென்டக்கி மாநில உறுப்பினர் ராண்ட் பால் ஆட்சேபம் தெரிவித்தார். அந்த வழிமுறையில் ஒருவர் மறுத்தாலே காரியம் நின்றுவிடும். கீழவை வாக்களித்த மூன்று நாளில், அந்த மசோதா நீட்டிக்கவிருந்த சட்டம், பயங்கரவாதிகளின் கையிலிருந்து வேதிப்பொருள் ஆலைகளைக் காக்க ஏற்பட்டிருந்தது, காலாவதியானது. சிஃபேட்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்தத் திட்டம், இரண்டு ஆண்டுகள் கழிந்தும் உயிர்பெறவில்லை. அது திரும்ப வர வேண்டும். வேலி, கேமரா, காவலாளி ஆகியவற்றுக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. யாரும் உத்தரவிடாமலேயே ஆபத்தான சரக்கைக் குறைத்துக்கொள்ள ஆலைகளைத் தூண்டியதுதான் அந்தச் சட்டம் செய்த பெரிய வேலை. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்க அதிகாரிகளை உறுத்திய கேள்வி, எதிரி வெளியிலிருந்து கொண்டுவரத் தேவையில்லாத ஆயுதம் நம் நாட்டுக்குள்ளேயே எவ்வளவு கிடக்கிறது என்பது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ஓக்லஹோமா நகரில் ஒரு லாரி நிறைய உரத்தை வெடிக்கவைத்து 168 பேரைக் கொன்றிருந்தார்கள். கொலையாளி உள்நாட்டுக்காரர், உரம் கடையில் வாங்கியது. நியூஜெர்சி மேலவை உறுப்பினர் ஜான் கோர்சைன் கொண்டுவந்த மசோதா, ஆபத்துக் குறைந்த மாற்று உண்டா என்று ஆலைகள் ஆராய்ந்தே ஆக வேண்டும் என்றது. 2002இல் குழு அளவில் தேறிய அந்த மசோதா, தொழில்துறையின் கடும் எதிர்ப்பால் அத்தோடு படுத்துவிட்டது. கடைசியில் 2006 அக்டோபரில், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் ஒரு சிறு பிரிவாக இந்த விவகாரம் நுழைந்தது. அதிலும் ஒரு கட்டு இருந்தது. குறிப்பிட்ட ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இல்லை என்பதற்காக எந்த ஆலையின் திட்டத்தையும் துறை நிராகரிக்கக் கூடாது. சுவர் எழுப்பு என்று சொல்ல முடியாது, அந்த வாயுவை வைத்திருக்காதே என்றும் சொல்ல முடியாது. இந்த அளவுக்குப் பாதுகாப்பு வேண்டும், எப்படிச் செய்வது என்பது உங்கள் பாடு என்று மட்டும் சொல்லலாம்.

இப்படிக் கையைக் கட்டிவிட்ட சட்டத்தால் எப்படி வேலை நடந்தது? 2007இல் துறை முந்நூறுக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களின் பட்டியலை வெளியிட்டு, ஒவ்வொன்றுக்கும் எடை வரம்பு வைத்தது. வரம்பைத் தொட்டவர்கள் இணையம் வழியே தகவல் தர வேண்டும். அதைப் பார்த்துத் துறை அவர்களை நான்கு அடுக்குகளில் ஒன்றில் சேர்க்கும், அல்லது போகலாம் என்று விட்டுவிடும். அடுக்குக்குள் வந்தவர்கள் சுற்றுவேலி முதல் கணினிப் பாதுகாப்பு வரை 18 அளவுகோல்களுக்கு ஈடுகொடுக்கும் திட்டத்தைத் தயாரித்து ஒப்புதல் பெற வேண்டும். ஒரே பொருளுக்கு இரண்டு வரம்புகள் இருப்பதும் உண்டு. குளோரினை எடுத்துக்கொள்வோம். இருந்த இடத்திலேயே யாராவது திறந்துவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு வரம்பு 2,500 பவுண்டு, அதாவது சுமார் 1,130 கிலோ. திருடிச் செல்வார்கள் என்ற அச்சத்துக்கு 500 பவுண்டு. அமெரிக்காவில் புழங்கும் சாதாரண குளோரின் சிலிண்டர் 150 பவுண்டு கொள்ளும். மூன்று சிலிண்டர் வைத்திருப்பவரைச் சட்டம் தொடாது. நான்காவது வந்து இறங்கினால் கணக்கு 600 ஆகும், தகவல் தந்தாக வேண்டும். அந்த நான்காவது சிலிண்டர் நமக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று கிடங்கு மேலாளர் அங்கேதான் யோசிக்கத் தொடங்குகிறார்.

குளோரின் என்ன செய்யும் என்பதைக் காட்டத் தீவிரவாதி யாரும் தேவைப்படவில்லை. 2005 ஜனவரி 6 அதிகாலை, தென் கரோலினாவின் கிரானிட்வில் என்ற சிற்றூரில், தண்டவாளம் மாற்றும் விசையைப் பணியாளர்கள் சரியான நிலைக்குத் திருப்பாமல் போனதால் ஒரு சரக்கு ரயில் பக்கவாட்டுப் பாதைக்குள் புகுந்து, நின்றிருந்த ரயிலில் மோதியது. குளோரின் ஏற்றிய தொட்டி வண்டி ஒன்று கிழிந்தது. காற்றைவிடக் கனமான அந்தப் பச்சை மஞ்சள் வாயு, மேலே கலைந்து போகாமல் தரையை ஒட்டிப் படர்ந்து அருகிலிருந்த நெசவாலைக்குள் நுழைந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 5,400 பேர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். வெளியேறியது சுமார் 60 டன். இப்படி ஒரு வண்டி முழுக் கொள்ளளவில் 90 டன் சுமக்கும். ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், சிற்றூர் ஓரத்தில், தவறுதலாக நடந்ததற்கே இந்தப் பலி.

இதே வண்டிகள் தலைநகர் வாஷிங்டனிலும் நின்றுகொண்டிருந்தன. பொட்டோமக் ஆற்றங்கரையில் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து சில மைல் தூரத்தில் உள்ள புளூ பிளெய்ன்ஸ் கழிவுநீர் நிலையம், கிருமி கொல்ல குளோரின் வாயுவைத்தான் நம்பியிருந்தது. செப்டம்பர் 11 நடந்த மூன்று மாதத்துக்குள் நிர்வாகம் வாயுவைக் கைவிட்டு, வெளுப்புக் கரைசலான சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு மாறிவிட்டது. நிலையத்தைச் சுற்றி எத்தனை துப்பாக்கிக்காரர்களை நிறுத்தியிருந்தாலும் தலைநகர் மக்களுக்கு இந்த நிம்மதி கிடைத்திருக்காது. சிஃபேட்ஸ் இருந்த ஆண்டுகளில் இதன் சிறிய வடிவங்கள் நாடெங்கும் நடந்தன. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் தகவல் தந்தன, கடைசியில் அதிக ஆபத்து அடுக்குகளில் எஞ்சியவை சுமார் 3,200. இடைப்பட்டவை எல்லாம் சரக்கைக் குறைத்ததால் வெளியேறியவை என்று சொல்ல முடியாது, பல இடங்கள் தொடக்கத்திலேயே ஆபத்துக் குறைந்தவை. ஆனால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் பட்டியல் பொருள்களை நீக்கியோ குறைத்தோ மாற்றியோ கொண்டன என்று துறையே நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. செலவையும் சோதனையையும் தவிர்க்க நினைத்த முதலாளியின் சொந்தக் கணக்குதான் இதைச் செய்தது.

சட்டத்தின் பெரிய ஓட்டை, தகவல் தருவது முதலாளியின் பொறுப்பில் இருந்ததுதான். டெக்சஸ் மாநிலத்தின் வெஸ்ட் என்ற ஊரில் 2013 ஏப்ரல் 17 மாலை ஓர் உரக் கிடங்கு தீப்பிடித்து வெடித்தது. 15 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் தீயை அணைக்கவும் உதவவும் ஓடி வந்தவர்கள். முந்தைய ஆண்டு அங்கே 270 டன் வரை அம்மோனியம் நைட்ரேட் இருந்ததாக மாநில அரசின் ஏடுகளில் இருந்தது. சிஃபேட்ஸ் வரம்பைப்போல் அது இருநூறு மடங்குக்கும் மேல். ஆனால் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு நிறுவனம் எதையும் தெரிவிக்கவில்லை, துறைக்கு அப்படியொரு கிடங்கு இருப்பதே தெரியாது. ஒரு அலுவலகத்தின் ஏட்டில் இருந்தது இன்னொரு அலுவலகத்தின் கண்ணில் படவில்லை. இந்தக் குறை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. சுங்கத்துறை 2015இல் பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் சென்னை மணலியில் ஆண்டுக்கணக்கில் கண்டெய்னர்களில் கிடந்தது. 2020 ஆகஸ்டில் பெய்ரூத் துறைமுகம் வெடித்த பிறகுதான் அது அவசர அவசரமாக ஐதராபாத்துக்குப் போனது. வெஸ்டுக்குப் பிறகு அமெரிக்கத் துறைகள் தங்கள் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கின. பார்க்காமல் விட்டது தவறு, அதற்காகப் பார்க்கும் கண்ணையே மூடிவிடலாம் என்பது அதைவிடப் பெரிய தவறு.

இத்தனை ஆண்டுகளில் அமெரிக்க வேதி ஆலை எதையும் தீவிரவாதிகள் தாக்கவில்லையே, பிறகு எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று கேட்கிறார்கள். நடக்காமல் போனதற்குச் சட்டமே காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது, யாராலும் முடியாது. ஆனால் குளோரினை ஆயுதமாக்குவது யாருடைய கற்பனையும் அல்ல. 1990இல் கிழக்கு இலங்கையின் கிரான் இராணுவ முகாமைத் தாக்கிய விடுதலைப் புலிகள், காகித ஆலைக்கு வந்த குளோரினைப் பயன்படுத்தியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2007இல் ஈராக்கில் குளோரின் ஏற்றிய லாரிகள் வரிசையாக வெடிக்கவைக்கப்பட்டன. இரண்டு இடங்களிலும் வாயு, தண்ணீரையோ காகிதக் கூழையோ சுத்தம் செய்ய உருவானதுதான்.

ஏற்கெனவே சுற்றுச்சூழல் முகமையும் தொழிலாளர் பாதுகாப்புத் துறையும் இருக்கின்றன, இது அதே வேலையின் நகல் என்பது ராண்ட் பால் போன்றவர்களின் வாதம். படிவங்கள் பெருகுவது உண்மை, சிறு நிறுவனங்களுக்கு அது சுமைதான். ஆனால் அந்தத் துறைகள் கேட்பது வால்வு பழுதானால் என்ன ஆகும் என்று. வால்வைத் தெரிந்தே திறக்க வந்தவன் உள்ளே வேலைக்குச் சேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று சிஃபேட்ஸ் கேட்டது. மாதம் சுமார் 9,000 பணியாளர் பெயர்கள் தீவிரவாதச் சந்தேகப் பட்டியலோடு ஒப்பிடப்பட்டன. அந்தப் பட்டியல் அரசிடம் மட்டுமே இருப்பது, தனியார் நிறுவனம் காசு கொடுத்தாலும் பார்க்க முடியாது. திட்டம் நடந்த காலம் முழுவதும் தொடர்பு இருக்கலாம் எனச் சிக்கியவர்கள் பத்துப் பேருக்குச் சற்று மேல். எண்ணிக்கை சிறியது. ஆனால் இந்த வேலையில் ஒரு ஆள் தவறிப்போவதும் சிறிய விஷயமல்ல. நிரபராதியின் பெயரும் அப்படிப்பட்ட பட்டியலில் ஏறிவிடக்கூடும் என்பது எனக்குக் கவலைதான். முறையிட வழி வேண்டும். அமெரிக்க வேதித் தொழில் கவுன்சிலே சட்டத்தைப் புதுப்பிக்கச் சொல்லி வற்புறுத்துகிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

திட்டம் தொடக்க ஆண்டுகளில் திணறியது. 2011 இறுதியில் கசிந்த துறையின் உள் அறிக்கை, அதுவரை ஒரு பாதுகாப்புத் திட்டத்துக்குக்கூட ஒப்புதல் தரப்படவில்லை என்பதை வெளிக்கொணர்ந்தது. எஞ்சியதை முடிக்க இன்னும் 7 முதல் 9 ஆண்டுகள் ஆகலாம் என்று 2013இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு கணித்தது. பின்னர்தான் வேகம் பிடித்தது; 2014இல் புதிய சட்டமும் வந்தது. சட்டம் காலாவதியான பிறகும் ஒரு தலைக்குனிவு நேர்ந்தது: 2024 ஜனவரியில், ஆலைகளின் பலவீனங்கள் பதிவாகியிருந்த அரசின் கணினி அமைப்புக்குள்ளேயே ஹேக்கர்கள் நுழைந்துவிட்டார்கள். தகவல் எதுவும் வெளியேறியதற்கு ஆதாரமில்லை என்றது அரசு. எல்லா ஆபத்தையும் ஒரே பட்டியலில் தொகுத்தால் அந்தப் பட்டியலே ஆபத்தாகும் என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது. அதற்கு என் பதில், பட்டியலைச் சிறியதாக்குவது. வைத்திருக்காத சரக்கைப் பற்றி எந்தக் கணினியிலிருந்தும் எதையும் திருட முடியாது.

அதனால் சட்டம் திரும்பி வரும்போது பழைய வடிவிலேயே வரக் கூடாது. குடிநீர், கழிவுநீர் நிலையங்களுக்கு 2006இல் தரப்பட்ட விலக்கை முதலில் நீக்க வேண்டும். குளோரின் வாயு ஊருக்கு நடுவில் இருக்கும் இடங்கள் அவைதான். மாற்று உண்டா, இருந்தால் ஏன் மாறவில்லை என்பதை ஒவ்வொரு ஆலையும் எழுதித் தர வேண்டும், அதைச் சோதனைக்கு வரும் அதிகாரி கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். மாறியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சில தொழில்களுக்கு அந்த வாயு இல்லாமல் முடியாது. சட்டம் நின்றுபோனபோது மாதம் சுமார் 160 சோதனைகள் நடந்துகொண்டிருந்தன, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் ஏதாவது ஒரு பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்படுவது வழக்கம். இன்று அந்த அதிகாரிகள் போய் வாசலில் நின்றாலும், உள்ளே விடச் சொல்ல அவர்களிடம் சட்டம் இல்லை. ஆலை விரும்பி அழைத்தால் ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான்.