நாயோடு வண்டியேறும் இதயப்புழு

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் தென்கரையைச் சூறையாடியபோது, வீடிழந்த மனிதர்களோடு ஆயிரக்கணக்கான நாய்களும் நிர்க்கதியாயின. தன்னார்வலர்கள் அவற்றை மீட்டுப் பல மாநிலங்களின் காப்பகங்களுக்கு அனுப்பினார்கள். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது ஏறக்குறைய பாதி நாய்களுக்கு இதயப்புழு இருந்தது. கருணையால் செய்த காரியம்தான். ஆனால் புழுவும் கூடவே வண்டியேறிவிட்டது.

நாயின் நுரையீரல் தமனிகளிலும் இதயத்திலும் வாழும் இந்தப் புழுக்களில் பெண் 30 செ.மீ. வரை வளரும். எண்ணிக்கை பெருகினால் வெந்த சேமியா போலப் பின்னிக் கிடக்கும். ஆயுள் 5 முதல் 7 ஆண்டு. ஆனால் ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்கு இது நேரே தொற்றாது. நடுவே ஒரு கொசு வேண்டும். அந்தக் கொசுவுக்குப் போதிய வெப்பமும் வேண்டும்.

நோயின் எல்லையை முதலில் வகுப்பது இந்த வெப்பக் கணக்குதான். நாயின் ரத்தத்தோடு கொசு உறிஞ்சும் நுண்புழு, கொசுவின் உடலுக்குள் இரண்டு முறை தோலுரித்து வளர்ந்த பிறகே அடுத்த நாயைத் தொற்றும். 27 டிகிரி செல்சியஸில் இதற்கு இரண்டு வாரம் போதும். 18 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். 14 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். கொசுவோ சில வாரமே வாழும் பூச்சி. புழு முற்றுவதற்குள் கொசு செத்துப்போகும் ஊரில் நோய் காலூன்ற முடியாது. குளிர்ப் பகுதிகளை நெடுங்காலம் காத்துவந்த அரண் இது.

அதை உடைத்ததில் மனிதர்களின் பங்கு பெரிது. பகல் சூட்டை இரவிலும் விடாமல் வைத்திருக்கும் கான்கிரீட் நகரங்கள் புழுவின் பருவத்தை நீட்டித்தன. 1985இல் டெக்சாஸின் ஹூஸ்டன் பகுதியில், இந்தப் புழுவைப் பரப்பக்கூடிய ஆசியப் புலிக்கொசு குடியேறியிருப்பது தெரிந்தது. ஆசியாவிலிருந்து வந்த பழைய டயர்களே அதைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வறண்ட யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியிலும், மரப்பொந்து நீரில் முட்டையிடும் ஒரு கொசு வந்து சேர்ந்த பிறகே இந்த நோய் நிலைத்தது. ஊருக்கு வெளியே நரிகளும் கொயோட்டிகளும் புழுவுக்குப் புகலிடம் தருகின்றன.

எல்லாவற்றிலும் எனக்குக் கவலை தருவது நாய்களின் இடப்பெயர்ச்சிதான். தொற்றிய முதல் ஐந்து மாதங்கள் வரை சோதனையில் புழு சிக்காது. 'நோயில்லை' என்ற சான்றோடு ஒரு நாய் புது ஊருக்குப் போய், அங்கே அதன் ரத்தத்தில் நுண்புழுக்கள் பெருகலாம்.

இது நமக்கும் பொருந்தும். கேரளத்திலும் இலங்கையிலும் நாய்களிடம் அதிகம் காணப்படுவது இதயப்புழுவுக்கு உறவான, தோலுக்கடியில் வாழும் இன்னொரு புழு. இதயப்புழு இந்தியாவில் பெரும்பாலும் வடகிழக்கு மாநிலங்களில் பதிவாகியிருக்கிறது. சென்னையின் வெப்பத்தில் புழு வளர ஆண்டு முழுவதும் தடையில்லை, கொசுவுக்கும் பஞ்சமில்லை. அஸ்ஸாமிலிருந்தோ மிசோரமிலிருந்தோ நாயைக் கொண்டுவருபவர்கள், வந்ததும் ஒருமுறை, ஆறு மாதம் கழித்து இன்னொருமுறை அதன் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். மாதாந்திரத் தடுப்பு மாத்திரையை எப்போது தொடங்குவது என்பதையும் கால்நடை மருத்துவரிடம் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.