துன்புற்றவளுக்கு முதல் துணை தோட்டமே

பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான ஒரு பெண் முதன்முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் போலீசாரிடம் அன்று, மருத்துவரிடமும் அன்று. அடுத்த வீட்டு அக்காளிடம் சொல்லுவாள். பக்கத்து நிரையில் பால் வெட்டும் தோழியிடம் சொல்லுவாள். சிறுமியாயின் ஆயாக் கொட்டகையிலுள்ள ஆயாவிடமோ பாட்டியிடமோ சொல்லுவாள். அதையும் முழுமையாகச் சொல்லமாட்டாள். "எனக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போகப் பயமாக இருக்கிறது" என்று பாதி சொல்லி நிறுத்திக்கொள்வாள். அந்நேரத்தில் கேட்பவர் என்ன மறுமொழி கூறுகிறார் என்பதைப் பொறுத்தே, அவள் மருத்துவமனைக்குச் செல்வதும் செல்லாமற் போவதும் அமைகின்றன. ஆகவேதான் இவ்விதழில் இப்பொருளைப் பற்றித் தாய்மார்களுக்கு மட்டுமன்றித் தோட்டத்தார் அனைவருக்கும் சில செய்திகளைக் கூற விரும்புகிறோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. நம் செய்தித்தாள்கள் நெடுங்காலமாக இக்குற்றத்தைக் 'கற்பழிப்பு' என்றே எழுதிவந்தன. அச்சொல்லைக் கூர்ந்து பாருங்கள்: குற்றம் செய்தவன் ஒருவன், ஆனால் அழிந்துவிட்டதாகச் சொல்லப்படுவதோ அப்பெண்ணின் மானம்! களவு கொடுத்தவன் மானம் இழந்தான் என்று நாம் சொல்வதில்லை. இங்கும் அவ்வாறே வெட்கப்பட வேண்டியவன் குற்றவாளி ஒருவனே. இக்காரணம் பற்றியே நாம் இக்கட்டுரையில் 'பாலியல் வன்கொடுமை' என்னும் சொல்லை ஆளுகின்றோம்.

"ஏன் தனியாகப் போனாய்?" இது பலரும் நல்லெண்ணத்தோடு கேட்டுவிடும் கேள்வி. விடியுமுன்னே நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு, ஆளரவமற்ற வெளிக்காட்டில் மரத்துக்கு மரம் தனியே நடப்பது பால்மரத் தொழிலின் இயல்பு. தன் வேலையைச் செய்தவளை நோக்கி இக்கேள்வியைக் கேட்பது, பழியை அவள் தலையில் ஏற்றுவதாகும். "நீ சொல்வதை நம்புகிறேன், தவறு உன்னுடையது அன்று, நான் உன்னோடு வருகிறேன்" என்னும் மூன்று வாக்கியங்கள் போதும். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லும்படி வற்புறுத்த வேண்டியதில்லை. மருத்துவரிடமும் போலீசாரிடமும் அவள் அதைச் சொல்லத்தான் போகிறாள். லயத்து வாசலில் கூடியவர்களுக்கெல்லாம் ஒருமுறை சொல்ல வேண்டிய கடமை அவளுக்கு இல்லை.

அடுத்து அவளை எங்கே அழைத்துச் செல்வது? அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே அழைத்துச் செல்ல வேண்டும். தோட்டத்து மருந்தகத்திலுள்ள டிரெசர் காயத்துக்குக் கட்டுப் போடலாம். ஆயினும் இதற்குரிய முழுப் பரிசோதனை அங்கே நடைபெற இயலாது. அவர் செய்யத்தக்க பேருதவி விரைவாக வண்டி ஏற்பாடு செய்வதேயாகும்.

கோலாலம்பூர் மருத்துவமனையில் 1994-ஆம் ஆண்டில் ஒரு சிறப்புச் சேவை தொடங்கப்பெற்றது. அதற்கு முன் துன்புற்ற பெண் காவல் நிலையம், மருத்துவமனை, சமூகநல இலாகா என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி, ஒவ்வோரிடத்திலும் தன் கதையைச் சொல்லி அழ வேண்டியிருந்தது. அவளை அலையவிடாமல், உதவி செய்வோர் அனைவரும் அவள் இருக்குமிடத்துக்கே வரவேண்டும் என்பதே புதிய சேவையின் நோக்கம். 1996-இல் சுகாதார அமைச்சு இதனை நாட்டின் பிற அரசாங்க மருத்துவமனைகளுக்கும் விரிவுபடுத்தப் பணித்தது. மருத்துவமனைகளில் இது 'ஓ.எஸ்.சி.சி.' என்று அழைக்கப்படுகிறது. அவசரப் பிரிவின் முகப்பில் நின்று, உடன் வந்தவர் இந்த நான்கு எழுத்துகளை மட்டும் மெல்லச் சொன்னால் போதும். பலர் முன்னிலையில் விவரம் கூற வேண்டியதில்லை. அவளைத் தனியறைக்கு அழைத்துச் செல்வர். மருத்துவர் அங்கே வருவார்; மருத்துவ சமூகநல அதிகாரியும் வருவார்; போலீசாரையும் அங்கேயே வரவழைக்கலாம். போலீஸ் புகார் செய்த பின்னரே சிகிச்சை என்ற நிபந்தனை இல்லை. அவள் இணங்கினால்தான் பரிசோதனை. அவள் விரும்பும் ஒருவர் உடன் இருக்கலாம். அண்டை நாடுகளிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்யும் பெண்களுக்கும் இவ்வாசல் திறந்ததேயாகும்.

மருத்துவமனைக்குச் செல்வதில் காலம் மிக முக்கியம். வெட்டிய பாலை உரிய நேரத்தில் ஸ்டோருக்குக் கொண்டு சேர்க்காவிடில் அது கட்டிவிடும் என்பதை நாம் அறிவோம். இங்கும் ஒரு கெடு உண்டு: 72 மணி நேரம், அதாவது மூன்று நாள். எச்.ஐ.வி. கிருமி பற்றாமல் தடுக்கும் மருந்தை அதற்குள் தொடங்கியாக வேண்டும். அதிலும் முதல் நாளே தொடங்குவது மேல். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையும் எவ்வளவு விரைவில் உட்கொள்ளப்படுகிறதோ அவ்வளவு பலன் தரும். உடலிலிருந்தும் உடையிலிருந்தும் சான்றுகளைத் திரட்டவும் இந்த மூன்று நாள்களே சிறந்தவை. சனிக்கிழமை இரவு நடந்ததைத் திங்கட்கிழமைப் பெரட்டு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தால், கெடுவில் பாதி கழிந்துவிடும். கெடு கடந்துவிட்டாலும் செல்லத்தான் வேண்டும். காயத்துக்கும் நோய்க்கும் மனத் துயருக்கும் அப்போதும் சிகிச்சை உண்டு.

இங்கே தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். மகள் அழுது வந்து நின்றால், தாயின் மனம் முதலில் அவளைத் தலைக்குக் குளிப்பாட்டி, துணியை மாற்றி, அழுக்கான துணியை உடனே துவைத்துப் போடத் துடிக்கும். அது அன்பினால் எழுவது. ஆயினும் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சான்று அத்தண்ணீரோடு போய்விடுகிறது. மருத்துவர் பார்க்கும்வரை குளிக்காமலும் வாய் கொப்பளிக்காமலும் இருத்தல் நலம். உடையை மாற்றிவிட்டால், கழற்றியதைத் துவைக்காமல் காகிதப் பையிலோ செய்தித்தாளிலோ சுற்றி எடுத்துச் செல்க. பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூசணம் பிடித்துச் சான்று கெட்டுவிடும். குளித்தாகிவிட்டது என்றால் அதற்காக வீட்டில் இருந்துவிடலாகாது.

இனி, தோட்டங்களில் நாம் மிகுதியும் தயங்கும் பகுதிக்கு வருவோம். இத்தகைய செய்தி வெளிப்பட்டவுடன் கோயில் தலைவர், சங்கக் கிளைத் தலைவர், இரு குடும்பத்துப் பெரியவர்கள் எனச் சிலர் கூடுவர். "வெளியே தெரிந்தால் பெண்ணின் வாழ்வு போய்விடும்" என்பர். ஒரு தொகை பேசப்படும். அல்லது அவனுக்கே அவளைக் கட்டிவைத்துவிடலாம் என்பர். வேலிச் சண்டையையும் கடன் வழக்கையும் பெரியவர்கள் பேசித் தீர்ப்பது நல்ல மரபு. பாலியல் வன்கொடுமை அவ்வகையைச் சேர்ந்ததன்று. இது இரு தரப்பும் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடந்தரும் குற்றமே அன்று. பணம் கைமாறியதாலோ தாலி கட்டியதாலோ குற்றம் நீங்கிவிடாது. தண்டனைச் சட்டத்தின் 376-ஆம் பிரிவின்படி இதற்கு 20 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்கப்படலாம்; கடுமையான வகைகளுக்கு 10 ஆண்டுக்குக் குறையாமல் 30 ஆண்டுவரை சிறை உண்டு. அவனுக்கே கட்டிவைப்பது பற்றி நாம் வெளிப்படையாகவே சொல்லுவோம்: அது அப்பெண்ணுக்கு ஆயுள் தண்டனை விதிப்பதற்கு ஒப்பாகும்.

துன்புற்றவர் 18 வயதுக்கு உட்பட்டவராயின், ஆணாயினும் பெண்ணாயினும், மறைப்பதே குற்றமாகிறது. 2017-ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தின்படி, செய்தி அறிந்தும் போலீசாருக்குத் தெரிவிக்கத் தவறியவருக்கு 5,000 ரிங்கிட்வரை அபராதம் விதிக்கப்படலாம். சமாதானம் பேசக் கூடிய பெரியவர்களும் இதிலிருந்து விலக்குப் பெற்றவர் அல்லர். "சிறு பிள்ளையின் பேச்சை நீதிமன்றம் நம்புமா?" என்று கேட்போர் உளர். அப்பிள்ளையின் சாட்சியத்தை மட்டுமே கொண்டும் நீதிமன்றம் தீர்ப்பளிக்க அச்சட்டம் வகை செய்துள்ளது.

குற்றஞ்சாட்டப்படுபவர் மண்டோராகவோ கங்காணியாகவோ இருந்தால் அச்சம் இரட்டிப்பாகும். வேலை போய்விடும், வீடு போய்விடும் என்று மிரட்டப்பட்டவள் "சம்மதித்தாள்" என்பது பின்னர் சொல்லப்படும் வாதம். அதிகாரப் பதவியைப் பயன்படுத்திப் பெற்ற இணக்கம் இணக்கமாகாது என்று 2007 முதல் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. வேலையிடத்தில் பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிப்பது நிருவாகத்தின் கடமை; தவறினால் 50,000 ரிங்கிட்வரை அபராதம் உண்டு. இது பற்றிய அறிவிப்பு வேலையிடத்தில் கண்ணில் படும்படி ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும். உங்கள் பெரட்டுத் திடலில் அது உள்ளதா என்று பாருங்கள்.

இச்சட்டங்கள் தாமே முளைத்தவை அல்ல. 1985-இல் மகளிர் அமைப்புகள் சில ஒன்றுகூடி, பெண்களுக்கு எதிரான வன்செயலைக் கண்டித்து இயக்கம் நடத்தின. அவற்றின் முயற்சியின் பயனாக 1989-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன் பின்னர், துன்புற்றவளின் முந்தைய வாழ்க்கையைத் துருவிக் கேள்வி கேட்பதற்கு நீதிமன்றத்தில் தடை வந்தது. சில விலக்குகள் மட்டுமே உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் 1982 முதல் இயங்கும் பெண்கள் உதவி அமைப்பு புகலிடம் நடத்துகிறது. பினாங்கில் 1985-இல் தோன்றிய மகளிர் மாற்ற மையம் ஆலோசனை வழங்குவதோடு நீதிமன்றத்துக்கும் துணைக்கு வருகிறது. எங்கே கேட்பதென்று தெரியாதோர் 15999 என்னும் 'தாலியான் காசே' எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உடனடி ஆபத்தென்றால் 999.

போலீஸ் புகாரை எந்த நிலையத்திலும் பதியலாம். பெண் அதிகாரி வேண்டும் என்று கேளுங்கள். மலாய்மொழி சரளமாக வராதவர், தமிழில் சொல்லி மொழிபெயர்க்கச் செய்யும்படி கேட்கலாம். எழுதியதைப் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பமிட வேண்டும். ஒரு நகலையும் கேட்டுப் பெற்றுப் புகார் எண்ணைத் தனியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு வாரம் கழிந்தும் செய்தி வராவிடில், விசாரணை எந்நிலையில் உள்ளது என்று அவ்வெண்ணைக் காட்டிக் கேட்கப் புகார் செய்தவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அதற்காக நிலையத்துக்குச் செல்லும் நாளில் அவள் தனியே பஸ் ஏறாதபடி, முதல் நாள் மருத்துவமனைக்கு உடன் சென்ற அக்காளே உடன் சென்றால் நல்லது.