அம்மம்மாவின் எட்டு விரல்

போன மார்கழியில் ஒரு நாள் மகளைக் கூட்டி வரப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். அவளுக்கு நாலு வயது, ஜே.கே. படிக்கிறாள். ரீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து ஒரு பேப்பரை நீட்டினார். ‘காலையில் எங்கள் வீட்டில்’ என்பதுதான் அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கீறக் கொடுத்த தலைப்பாம்.

படத்தில் ஒரு பெரிய தலை. கழுத்து இல்லை, உடம்பு இல்லை. தலையிலிருந்து நேராக இரண்டு கால்கள். கால்களுக்கு நடுவே ஒரு பலகை, அதன் நுனியில் பல்லுப் பல்லாக ஏதோ ஒரு சாமான். அதற்குக் கீழே ஒரு தட்டு, தட்டில் குட்டிக் குட்டிப் புள்ளிகளாக ஒரு குவியல். தலையின் இரண்டு பக்கமும் முள்ளுக்கரண்டி மாதிரிக் கைகள். ஒரு கையில் நாலு விரல், மற்றக் கையில் எட்டு. முகம் நிறையச் சிரிப்பு.

இது என்ன என்று ரீச்சர் கேட்டிருக்கிறார். மகள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கம் கொடுத்திருக்கிறாள்: “இது என்ரை அம்மம்மா. அவா ஒவ்வொரு நாளும் விடிய வெள்ளைத் தூள் செய்வா. அதுக்குப் பிறகு எல்லாருக்கும் சந்தோஷம்.”

உங்களில் பலருக்கு இதற்குள் விளங்கியிருக்கும். அது திருவலை. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா சூட்கேசில் சுற்றிக் கொண்டு வந்த மரத் திருவலை. மேசையில் பூட்டிச் சுழற்றுகிற மெஷின் ஒன்றும் வீட்டில் இருக்கிறது. ஆனால் அதில் வருகிற தேங்காய்ப்பூ புட்டுக்குச் சரிவராது என்பது அம்மாவின் கட்சி. நான் போனில் தேடி ஒரு திருவலையின் படத்தைக் காட்டினேன். ரீச்சர் அதன் பிறகுதான் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

காரில் ஏறுவதற்கு முன்பே படத்தைப் போட்டோ எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன், ரீச்சரிடம் மகள் சொன்னதையும் சேர்த்து. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் குழு கொதித்துக்கொண்டிருந்தது. பாரிஸில் இருக்கிற சித்தி கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக அனுப்பியிருந்தா. இரவு லண்டனிலிருந்து தம்பி வீடியோவில் வந்தான். “அம்மா, உங்கடை சரக்கு லண்டனுக்கும் வருமோ?” என்று கேட்டான். அம்மா சிரித்துச் சிரித்துக் கடைசியில் இருமத் தொடங்கிவிட்டா.

சோபாவின் ஓரத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏன் சிரிக்கிறீங்கள்?”

“ஒண்டுமில்லைப் பிள்ளை. வடிவாக் கீறியிருக்கிறாய், அதுதான்” என்றேன்.

பெரியவர்கள் பொய் சொல்லும்போது நாலு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாமல் போவதில்லை.

*வானவில்லும் இதயமும்*

அடுத்த இரண்டு மூன்று கிழமைகள் நான் ஒன்றையும் கவனிக்கவில்லை. வேலையில் ஒரு ரிலீஸ், தலை நிமிர நேரமில்லை. ஒரு சனிக்கிழமை மேசையைத் துப்புரவாக்கும்போதுதான் கண்ணில் பட்டது. கீறிப் போட்ட பேப்பர் எல்லாவற்றிலும் வானவில்லும் இதயமும் மட்டும். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் கீறுகிற அதே வானவில், அதே இதயம். ஒரு ஆள் கூட இல்லை.

“அம்மாவை ஒருக்கால் கீறித் தாங்கோவன்” என்று கேட்டேன்.

மார்க்கரை என் பக்கம் தள்ளிவிட்டாள். “எனக்கு ஆக்கள் கீறத் தெரியாது. நீங்கள் கீறித் தாங்கோ.”

ஒரு மாதத்துக்கு முன்னர் குளியலறைக் கதவில் கூட ஆட்களைக் கீறி ஏச்சு வாங்கின பிள்ளை அவள். ‘தெரியாது’ என்ற சொல்லை யாரிடம் பழகினாள் என்று எனக்குத் தெரியும். ஒருவரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. சிரித்தது மட்டும்தான்.

*பிழையான போட்டோ இல்லை*

மாஸ்டர்ஸ் செய்தபோது, மனிதர்கள் கொம்பியூட்டரை எப்படிப் பாவிக்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு பாடம் எடுத்தேன். ஒரு சாமான் எப்படி வேலை செய்கிறது என்று ஒவ்வொருவர் மனதிலும் ஒரு வரைபடம் இருக்கும், அது உண்மையான மெஷின் மாதிரி இருக்க வேண்டியதில்லை என்று அதில் படித்தோம். அன்று இரவு பிள்ளைகளின் படங்களைப் பற்றித் தேடி வாசித்தபோது அதே யோசனை அங்கேயும் இருந்தது.

ஜோர்ஜ் ஆன்றி லூக்கே என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1913இல் தன் சொந்த மகளின் படங்களை வைத்தே ஒரு புத்தகம் எழுதியவர். 1927இல் வந்த அடுத்த புத்தகத்தில் அவர் சொன்ன விஷயம் இன்றைக்கும் பேசப்படுகிறது: சின்னப் பிள்ளை கண்ணால் காண்பதைக் கீறுவதில்லை, தனக்குத் தெரிந்ததைக் கீறுகிறது. வீட்டைக் கீறினால் சுவருக்குள்ளால் கட்டிலும் தெரியும். கர்ப்பிணித் தாயைக் கீறினால் வயிற்றுக்குள் தம்பி சிரித்துக்கொண்டிருப்பான். உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரியும்போது சுவர் மறைக்கிறது என்பது பிள்ளைக்கு ஒரு காரணமே இல்லை.

இதை வடிவாகக் காட்டிய ஒரு ஆய்வும் இருக்கிறது. 1972இல் நோர்மன் ஃப்ரீமன் என்ற பிரித்தானிய உளவியலாளர் தன் சக ஆய்வாளருடன் சேர்ந்து, ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் முன்னால் ஒரு கோப்பையை வைத்தார். கோப்பையின் பிடி பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாது. முன்பக்கத்தில் ஒரு பூ. பார்ப்பதை அப்படியே கீறச் சொன்னபோது, சின்னப் பிள்ளைகள் தெரியாத பிடியைக் கீறினார்கள். தெரிந்த பூவைப் பலர் விட்டுவிட்டார்கள். பிடி இல்லாவிட்டால் அது எப்படிக் கோப்பை ஆகும்? வளர்ந்த பிள்ளைகள்தான் பிடியை விட்டுவிட்டுப் பூவைக் கீறினார்கள்.

தலையிலிருந்து கால் முளைக்கிற மனிதனும் அப்படித்தான். மூன்று, நாலு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் அவனைக் கீறுவார்கள். ஆங்கிலத்தில் அவனுக்குத் தவளைக் குஞ்சின் பெயர். ஜெர்மன்காரர் ‘தலைக்காலன்’ என்பார்கள். பிள்ளைக்கு வயிறு தெரியாது என்று இல்லை. “வயிறு எங்கை?” என்று கேட்டால் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டும். பேசுவதும் சிரிப்பதும் தலை, ஓடி வருவது கால், தூக்குவது கை. மற்றதெல்லாம் அவசரமில்லை.

எங்கள் ஒபீசில் ஒரு சிஸ்டத்தை விளக்கும்போது நாங்களும் பெட்டியும் அம்புக்குறியும்தான் கீறுகிறோம். சேர்வர் அறையின் போட்டோவைக் காட்டுவதில்லை. “உங்கடை டேட்டாபேஸ் ஏன் சிலிண்டர் மாதிரி இருக்கு?” என்று கேட்டு ஒருவரும் சிரிப்பதில்லை. எது எதோடு சேருகிறது, எது முக்கியம் என்பதுதான் அந்தப் படத்தின் வேலை. என் மகளின் படமும் அதே வேலையைத்தான் செய்தது. நான்தான் அதைப் பிழையாக எடுத்த போட்டோ என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

இது இன்றைய பிள்ளைகளின் பழக்கமும் இல்லை. ரஷ்யாவின் நொவ்கொரோட் நகரில் 1956இல் நிலத்தைத் தோண்டியபோது, பேர்ச் மரப்பட்டையில் ஒரு சிறுவன் எழுதிப் பழகியவையும் கீறிய படங்களும் கிடைத்தன. பெயர் ஒன்ஃபிம், ஆறேழு வயது இருக்கலாம். காலம் 13ஆம் நூற்றாண்டு. எழுத்துப் பழகுகிற பட்டையிலேயே குதிரையில் ஏறி எதிரியைக் குத்துகிற வீரனாகத் தன்னையே கீறி வைத்திருக்கிறான். அவன் கீறிய ஆட்களின் கைகளும் புல்லு வாருகிற வாரி மாதிரித்தான். விரல் ஒரு கையில் மூன்று, இன்னொன்றில் அதைவிடக் கூட.

*இது ஆர், பிள்ளை?*

அடுத்த நாள் பிரிட்ஜில் ஒட்டியிருந்த படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

“அண்டைக்கு நாங்கள் சிரிச்சது பிழை. என்ன கீறினனீங்கள் எண்டு கேக்காமலே சிரிச்சிட்டம். சொறி, பிள்ளை. இப்ப சொல்லுங்கோ பாப்பம்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விரலால் காட்டத் தொடங்கினாள். எட்டு விரல் எண்ணத் தெரியாமல் வந்ததில்லை. “அம்மம்மாவின்ரை இந்தக் கை கெதியாப் போகும், அப்ப கன விரல் தெரியும்.” தேங்காய்ப் பாதியை வைத்துத் திருப்புகிற கை அது. நான் நாளாந்தம் பார்க்கிறேன், அதன் வேகத்தைக் கவனித்ததில்லை.

தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம், இரண்டு கோடு. நான் அதை ஒரு சிந்தின தேங்காய்த் துண்டு என்று நினைத்திருந்தேன்.

“இது ஆர்?”

“அது நான். அம்மம்மா முடிய எனக்குக் கொஞ்சம் தருவா. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

எல்லாருக்கும் சந்தோஷம் என்று ரீச்சரிடம் சொன்னாளே, அது இதுதான். நாங்கள் எழும்ப முதல், வீடு இருட்டாக இருக்கும்போது, குசினியில் அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு பத்து நிமிஷம் இருக்கிறது. என் வீட்டில் நடக்கிற அதை நான் அந்தப் படத்தில்தான் அறிந்தேன். முப்பது பேருக்கு அனுப்பிச் சிரித்தபோது அதில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

*வானத்தில் நடந்த ஆள்*

இதை அம்மாவிடம் சொன்னேன். அவா ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் பார்த்தால் மகளுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, “எனக்கும் ஒரு பேப்பர் தா. எனக்கும் கீறத் தெரியாது, நீ சொல்லித் தா” என்கிறா. பள்ளிக்கூடம் விட்ட பிறகு அம்மா படம் கீறி நான் கண்டதே இல்லை.

அம்மா கீறியது இது: ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கம்பம், கம்பத்தின் மேல் சாய்வாக ஒரு நீளத் தடி, தடிக்கு மேலே ஒரு ஆள். மகள் எட்டிப் பார்த்தாள். “அம்மம்மா! ஆள் வானத்திலை நடக்கிறார்!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

“சிரிக்காதை. முதல்லை என்னெண்டு கேள்” என்றா அம்மா.

அது துலாக் கிணறு. மேலே நிற்பது அம்மாவின் அப்பா. தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கும்போது ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பாராம், கீழே ஒருவர் பட்டையைப் பிடித்துத் தண்ணியை வாய்க்காலில் ஊற்றுவாராம். விடிய நாலு மணிக்கு அப்பா துலா மிதிக்கிற சத்தத்தில்தான் தான் எழும்புவேன் என்று அம்மா சொன்னா. நான் பிறந்தது ஸ்காபரோவில். என் தாத்தா துலா மிதித்தவர் என்பது முப்பத்தைந்து வயதில், ஒரு நாலு வயதுப் பிள்ளை சிரித்ததால்தான் எனக்குத் தெரிய வந்தது.

துலா, பட்டை, வாய்க்கால் என்று அன்று மூன்று புதுச் சொற்கள் மகளின் வாயில் வந்தன. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படமட்டை காட்டிச் சொல்லிக் கொடுத்தால் இவ்வளவு கெதியாக ஒட்டியிருக்காது.

*எங்கள் வீட்டில் இப்போது*

பெரிய சட்டம் ஒன்றும் இல்லை. சிரிப்பு வந்தால் முதலில் கேட்பது. “இது என்ன?” என்று கேட்டால் ‘விளங்கவில்லை’ என்று பிள்ளைக்குக் கேட்கும், அதனால் “இதைப் பற்றிச் சொல்லு பாப்பம்” என்று கேட்கிறோம். சொல்வதை அவளுடைய சொல்லிலேயே, தமிழும் ஆங்கிலமும் கலந்தபடி, படத்தின் பின்பக்கத்தில் திகதி போட்டு எழுதி வைக்கிறோம். விரலின் எண்ணிக்கையைத் திருத்துவதில்லை, அது தானாக ஐந்துக்கு வரும். வந்த பிறகு நாங்கள் கேட்டாலும் எட்டு விரல் திரும்ப வராது. ஒருவருக்கு அனுப்புவதென்றால் அவளிடம் கேட்டுவிட்டு அனுப்புகிறோம்.

சிரிக்காமல் இருக்கிறோம் என்று நினைக்காதீர்கள். போன கிழமை அப்பாவை மூக்கு மயிரோடு கீறியிருந்தாள். கேட்டுவிட்டு, எல்லாரும் சேர்ந்து, அவளும் சேர்ந்துதான் சிரித்தோம்.

ஆட்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்திருக்கிறார்கள். வானவில் கூடக் குறைந்துவிட்டது, ஆனால் புது ஆள் ஒன்றைக் கீறினால் இன்னும் ஒருதரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் காட்டுகிறாள். அது போக இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும் போல.

இந்தக் கட்டுரைக்கு அந்தப் படத்தையும் அனுப்பலாமா என்று அவளிடம் கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: “கதையைச் சொல்லுங்கோ. படம் வேண்டாம். அது அம்மம்மாவுக்குக் கீறினது.”

அதனால் இங்கே படம் இல்லை.