காரைத் தாழ்த்துவது எப்படி, எவ்வளவு?



பத்து காவானிலிருந்து பினாங்குத் தீவுக்குச் செல்லும் இரண்டாவது பாலம் 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்டது. நீளம் 24 கிலோமீட்டர். மாலை நேரத்தில் அந்தப் பக்கம் நின்று பார்த்தால் பழைய டட்சன், பழைய மினி, எப்போதாவது ஓர் எம்ஜி என்று, வயிறு தரையைத் தொடுவதுபோல் தாழ்த்தப்பட்ட கார்கள் ஓடுவதைக் காணலாம். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை உண்டு. "வாத்தியாரே, மகன் ஸ்பிரிங்கை வெட்டப் போறேன்னு ஒத்தைக் காலில் நிற்கிறான். வெட்டலாமா?" என்று என்னிடம் கேட்ட தகப்பனார்கள் ஒருவர் இருவர் அல்லர். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

காரை ஏன் தாழ்த்துகிறார்கள்? அழகுக்காக மட்டும் அன்று. கார் வளைவில் திரும்பும்போது அதன் எடை வெளிப்பக்கச் சக்கரங்களின்மேல் சாய்கிறது. ஈர்ப்பு மையம் உயர்ந்திருந்தால் சாய்வும் மிகுதி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 900 கிலோ எடையுள்ள சிறிய கார். ஈர்ப்பு மையத்தின் உயரம் 50 சென்டிமீட்டர். இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் இடைவெளி 125 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் பாதியளவு விசையோடு அது வளைந்தால், 180 கிலோ எடை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் மாறுகிறது. அதே காரை 3 சென்டிமீட்டர் தாழ்த்துங்கள்; மாறும் எடை ஏறத்தாழ 169 கிலோ. மிச்சம் 11 கிலோதான்! ஊதியத்தில் பாதியைக் கொட்டிச் செய்யும் வேலைக்குக் கிடைக்கும் பலன் இவ்வளவே என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் காட்டுங்கள். தேய்ந்த டயரையும் எண்ணெய் ஒழுகும் அப்சோர்பரையும் மாற்றினால் இதைவிட மிகுதியான பலன் கிடைக்கும் என்பது என் கருத்து.

இனி ஸ்பிரிங்குக்கு வருவோம். காண்டாக்கம்பில் இரண்டு வாளிப் பால் தூக்கி நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கம்பு கொஞ்சம் வளைந்து கொடுத்தால் தோளுக்குச் சுகம். விறைப்பான கம்பு அடிக்கு ஒரு குத்து குத்தும். சுருள் ஸ்பிரிங்கும் அப்படியே. எட்டுச் சுற்றுள்ள ஒரு ஸ்பிரிங்கை ஓர் அங்குலம் அமுக்க 100 கிலோ வேண்டும் என்றால், ஒரு சுற்றை வெட்டிய பிறகு அதே ஓர் அங்குலத்துக்கு 114 கிலோ வேண்டும். வெட்டினால் ஸ்பிரிங் குட்டையாவது மட்டுமன்றி விறைப்பும் ஏறுகிறது. பழைய அப்சோர்பரால் அந்த விறைப்பை அடக்க முடியாது. கார் தவளைபோல் குதிக்கும். மேலும் ஸ்பிரிங்கின் முனை தட்டையாகச் சீவப்பட்டதா, பன்றிவால் போல் சுருங்கியதா என்று பார்க்காமல் வெட்டினால், அது இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது இடம் பெயர்ந்து போகவும் கூடும்.

வெட்டுவதைவிட மோசமான வழி ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் ஸ்பிரிங்கைக் கழற்றாமலே காஸ் விளக்கால் சிவக்கச் சூடாக்கினார்கள். காரின் எடையால் அது தானே அமுங்கியது. பத்து நிமிட வேலை, செலவும் சொற்பம். ஆனால் பால்வெட்டும் உளியைச் சாணைக்கல்லில் அழுத்திப் பிடித்து நீலம் பாயவிட்டால் என்ன ஆகும்? பதம் போய்விடும், அதன்பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. ஸ்பிரிங் எஃகும் பதம் ஏற்றப்பட்ட எஃகுதான். சுட்ட ஸ்பிரிங் ஒரு பக்கம் கூடுதலாகத் தொய்யும். பிறகு ஒருநாள் ஓட்டத்திலேயே முறியும். நான் சொன்ன அந்தக் காரின் ஸ்பிரிங் மூன்றாம் மாதம் முறிந்தது. நல்லவேளை, கார் அப்போது கடைத்தெருவில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்படியானால் குறைந்த செலவில் ஒழுங்கான வழியே இல்லையா? உண்டு. இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட எம்ஜிபி என்னும் விளையாட்டுக் காரை எடுத்துக்கொள்வோம். 1974இல் அமெரிக்கச் சட்டத்துக்காக அதற்குப் பெரிய ரப்பர் பம்பர் பொருத்தி, காரையும் ஏறத்தாழ ஓர் அங்குலம் உயர்த்தினார்கள். கார் வளைவில் தள்ளாடியது. சில ஆண்டுகளில் தொழிற்சாலையே முன்னும் பின்னும் சாய்வைத் தடுக்கும் கம்பி போட்டு அதைத் திருத்தியது. காரைத் தாழ்த்தாமலே சாய்வைக் குறைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? அந்த ஓர் அங்குலத்தைத் திரும்ப இறக்க விரும்புபவர்கள் முன்பக்கத்தில் அளவாகச் செய்த குட்டை ஸ்பிரிங்குகளைச் சோடியாக வாங்கிப் போடுகிறார்கள். பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங். அதன்மேல் அச்சு உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் உலோகக் கட்டையை வைத்து, நீளமான யு வடிவ போல்ட்டுகளால் இறுக்கினால் உடல் கீழே இறங்கும். மலிவான வழி. மரக்கட்டை மட்டும் கூடவே கூடாது. இன்னொன்று: பல லாரிகளில் அச்சு பட்டைக்குக் கீழே இருக்கும். அங்கே இதே கட்டையை வைத்தால் வண்டி தாழாது, உயரும்!

நமக்கு நெருக்கமான கதை மினியுடையது. 1959இல் வந்த அந்தச் சிறிய காரை அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தார். அதன் தாங்கு அமைப்பைச் செய்தவர் அலெக்ஸ் மோல்டன். ரப்பர்த் தொழில் செய்த குடும்பத்தில் வந்தவர். அவர் எஃகு ஸ்பிரிங்கையே ஒதுக்கிவிட்டு, கூம்பு வடிவ ரப்பர்த் துண்டை வைத்தார்! அந்த ரப்பர்மேல் உட்கார்ந்த மினி கூப்பர் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ போட்டியில் வென்றது. நாம் நாள் முழுதும் பார்த்துப் பழகிய பொருளுக்குள் இத்தனை வலிமை இருக்கிறது.

மினியின் ரப்பர்க் கூம்பை ஊதுகுழல் வடிவமுள்ள ஓர் அலுமினியத் துண்டு தாங்குகிறது. அதைக் கடைசல் பட்டறையில் கொஞ்சம் குட்டையாக்கினால் கார் தாழும். ஆனால் இங்கே நெம்புகோல் கணக்கு உண்டு. பின்பக்கத்தில் 1 மில்லிமீட்டர் குறைத்தால் சக்கரத்தில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் இறங்கும். முன்பக்கத்தில் ஏறத்தாழ 3. பின்னால் 3 மில்லிமீட்டர் சீவினாலே ஒன்றரைச் சென்டிமீட்டர் போய்விடும். கை தவறி மிகுதியாகச் சீவிவிட்டால் வாசர் போட்டு உயர்த்த வேண்டியதுதான். 1964 முதல் சில ஆண்டுகள் வந்த மினிகளில் ரப்பருக்குப் பதில் திரவ முறை இருந்தது. அவற்றில் இந்த வேலை செல்லாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரப்பர் வயதானால் தானே தொய்ந்துவிடும். பழைய மினி சும்மா நிற்கும்போதே தாழ்ந்திருக்கும். ஆகவே எந்தக் காராக இருந்தாலும் முதல் வேலை, சமதளத்தில் நிறுத்திச் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்வது. பலருக்கு அளந்தபிறகுதான் தெரிகிறது, கார் ஏற்கெனவே இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருப்பது.

நம் வாலிபர்கள் மிகுதியாக வாங்கும் டட்சன் 120ஒய் காரில் முன்பக்கச் சுருள் ஸ்பிரிங் அப்சோர்பரைச் சுற்றி அமுங்கிய நிலையில் இருக்கிறது. அதை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் துப்பாக்கிக் குண்டுபோல் பாயும். கருவி இல்லாவிட்டால் அந்த வேலையைத் தொடவேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பதும் வேண்டாம். இரும்புத் தாங்கி வைத்தபிறகே படுக்க வேண்டும்.

எவ்வளவு தாழ்த்தலாம்? நம் செம்மண் பாதைக்கும், லயத்து வாசலில் உள்ள வேகத்தடைக்கும் இரண்டரை சென்டிமீட்டருக்குமேல் நான் சம்மதிக்க மாட்டேன். அதற்குமேல் போனால் எண்ணெய்த் தொட்டி கல்லில் இடிக்கும். அச்சு ரப்பர்க் கட்டையில் முட்டி, ஸ்பிரிங் இருந்தும் இல்லாத நிலை ஆகும். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும் என்பதால், உளியை எடுப்பதற்குமுன் இலாகா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அனுமதியில்லாத மாற்றம் விபத்து நேரத்தில் காப்புறுதிக்கும் வில்லங்கம்.

வேலை முடிந்ததும் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கக் கொடுக்க வேண்டும். இல்லையேல் புது டயர் உள்விளிம்பில் சில மாதங்களிலேயே தேய்ந்துபோகும். பிரேக் குழாய் எங்காவது உரசுகிறதா என்று, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். முன்விளக்கின் ஒளியும் இறங்கியோ ஏறியோ போயிருக்கும். இரவில் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி அதையும் திருத்திவிடுங்கள்.