பழுது எங்கே ஒளிந்திருக்கிறது?

1978ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. இங்கிருந்த அதன் கணிப்பொறிகள் என்னவாயின? 1975இல் தொடங்கப்பட்டிருந்த 'கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன்' என்னும் அரசு நிறுவனத்தின் பொறியாளர்கள் அவற்றைப் பராமரித்து ஓடச் செய்தனர். செய்தவர் போய்விட்டாலும், பழுது பார்ப்பவர் இருந்தால் இயந்திரம் ஓடும்!

கணிப்பொறி உதவிப் பணி அத்தகையதே. களமருதூரிலிருந்து கல்லூரிக்குச் சென்று பட்டம் பெற்ற ஒருவர் அதில் சேர்கிறார் எனக் கொள்வோம். முதல் நாளே தொலைபேசி ஒலிக்கிறது: "இணையம் வரவில்லை!" அவர் என்ன செய்வார்?

'பிங்' என்னும் சிறு நிரல் கைகொடுக்கும். அமெரிக்கரான மைக் மூஸ் 1983இல் எழுதியது இது. நீர்மூழ்கிக் கப்பல் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்கிறதல்லவா? அந்த ஒலியின் பெயரே இதற்கும் வந்தது.

முதலில் 127.0.0.1 என்ற முகவரிக்குப் பிங் அனுப்ப வேண்டும். அது நம் கணிப்பொறியையே குறிக்கும். அடுத்து, அலுவலகத்திலுள்ள ரூட்டருக்கு. பிறகு, தொலைவிலுள்ள கணிப்பொறிக்கு. பதில் எங்கே நின்றுபோகிறதோ, அதை ஒட்டியே பழுதைத் தேடலாம். ஆனால் ஒன்று: சில கணிப்பொறிகள் பாதுகாப்புக் கருதிப் பிங்குக்குப் பதில் தருவதில்லை. எனவே மௌனத்தை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது.

ஆய்வுக்கூடத்தில் பல்பு எரியாவிட்டால் மின்கலம், கம்பி, சாவி என ஒவ்வொன்றாகச் சோதித்து, கண்டதைக் குறித்து வைக்கிறோம். இப்பணிக்கு முதல் தேவை அந்தப் பழக்கமே. கிராமத்துப் பள்ளியிலும் அதைக் கற்கலாம். ஆசிரியரின் அனுமதியுடன் பள்ளிக் கணிப்பொறியில் பிங் அனுப்பிப் பாருங்கள். பதில் வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது?