ஆரஞ்சு மரங்களுக்கு ஒரு மாளிகை

தெற்கு வேல்ஸில் போர்ட் டால்பட்டை ஒட்டி ஓடும் எம்4 நெடுஞ்சாலைக்குக் கடல் பக்கம் உருக்காலை. மலைப் பக்கம் மார்கம்.

1147-இல் குளோஸ்டர் பிரபு ராபர்ட் கொடுத்த நிலத்தில் சிஸ்டர்சியத் துறவிகள் இங்கே மடம் அமைத்தார்கள். வெள்ளை அங்கி, குறைந்த பேச்சு, நிறைய ஆடுகள். கம்பளி விற்றுச் செழித்த மடம் அது. 13-ஆம் நூற்றாண்டிலேயே நிலக்கரி வெட்டும் உரிமையையும் எழுதி வாங்கியிருந்தார்கள். உலகத்தைத் துறந்தவர்கள்தான், ஆனால் கணக்கைத் துறக்கவில்லை.

1536-இல் எட்டாம் ஹென்றி மன்னர் மடத்தைக் கலைத்தார். 1540-இல் ரைஸ் மான்செல் அதை விலைக்கு வாங்கி, துறவிகள் புழங்கிய கட்டடங்களைத் தன் வீடாக்கிக்கொண்டார். மாதா கோயிலின் நடுக்கூடம் மட்டும் ஊராருக்கு மிஞ்சியது.

தலைமுறை தலைமுறையாக வளர்ந்த அந்த வீட்டைப் பின்னாளில் வாரிசாக வந்த தாமஸ் மான்செல் டால்பட் இடித்துத் தள்ளினார். அவர் கட்டியது வேறொரு வீடு: ஆரஞ்சு, எலுமிச்சை மரங்கள் குளிர்காலம் தங்குவதற்கு, 327 அடி நீளத்தில், வெயிலை உள்ளே இழுக்கும் உயர்ந்த ஜன்னல்களோடு. 1793-இல் வேலை முடிந்தது. மனிதருக்கு இல்லாத மாளிகை மரத்துக்கு! அருகிலேயே துறவிகள் கூடிப் பேசிய பன்னிரு பக்கக் கூடம் கவனிப்பாரின்றி நின்றது. 1799-இல் அதன் கூரை இடிந்து விழுந்தது.

அவர் மகன் கிறிஸ்டோபர் 1830-களில் மேட்டின் மேல் கோட்டை மாதிரி ஒரு மாளிகை எழுப்பினார். போர் காணாத கோட்டை. கேமரா மட்டும் சீக்கிரமே கண்டது: 1841 மார்ச்சில் கால்வர்ட் ஜோன்ஸ் எடுத்த அதன் படம்தான் வேல்ஸில் கிடைத்துள்ள மிகப் பழைய புகைப்படம். புகைப்பட முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் கிறிஸ்டோபரின் உறவினர் என்பதால் இதில் ஆச்சரியமில்லை. பூங்காவுக்காகப் பழைய கிராமத்தை அப்புறப்படுத்தி, குடிகளுக்கு குரோயஸ் என்ற புது ஊர் அமைத்துக் கொடுத்தார்கள். 1970-களில் நெடுஞ்சாலைக்காக அந்த ஊரும் போனது.

எஸ்டேட் 1940-களில் கைமாறியது. 1973-இல் மாவட்ட நிர்வாகம் வாங்கியது. நான்கே ஆண்டில் தீ கோட்டையைத் தின்றது. இன்று மார்கம் பொதுப் பூங்கா. மான்கள் மேய்கின்றன, ஆரஞ்சு மாளிகையில் கல்யாணங்கள் நடக்கின்றன. கீழே டாடா உருக்காலையின் கடைசி ஊதுலை 2024 செப்டம்பர் 30-இல் அணைந்துவிட்டது. மடத்தின் நடுக்கூடத்தில் வழிபாடு இன்னும் நடக்கிறது.