முதல் வில்லைத் தெரிவு செய்வது எப்படி?

காணி மாறினாலும் காவல் மாறுவதில்லை. மொரகஹகந்த நீர்த்தேக்கத்தில் 2017ஆம் ஆண்டிலும் களு கங்கை நீர்த்தேக்கத்தில் 2018ஆம் ஆண்டிலும் நீர் நிரப்பப்பட்டபோது வயலையும் வீட்டையும் விட்டு எழுந்த குடும்பங்களும் சரி, அதற்கு முன்னர் 1977, 1983 வன்செயல்களில் இடம்பெயர்ந்து எங்கெங்கோ வேர் பிடித்த குடும்பங்களும் சரி, புதிய காணியில் விளைச்சலைக் காணுமுன் குரங்கையும் மயிலையும் மரஅணிலையும்தான் காண்கின்றன. பயிரழிக்கும் விலங்குகளை எண்ணுவதற்காக 2025 மார்ச் 15ஆந் திகதி காலை 8 மணிக்கு நாடெங்கும் ஐந்து நிமிடக் கணக்கெடுப்பு நடத்த வேண்டிய அளவுக்கு இத்தொல்லை வளர்ந்துவிட்டது.

துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே சிலர் கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள். சிலர் கட்டுத்துவக்கு கட்டுகிறார்கள். இவை இரண்டுக்கும் கண் இல்லை. கட்டுத்துவக்கு பன்றியையும் மனிதனையும் ஒன்றாகவே காலில் சுடும். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கம்பிச் சுருக்கில் அகப்பட்டு இறந்தது, மிக அரிதான ஒரு கருஞ்சிறுத்தை.

இந்நிலையில் எம்மிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "பழைய முறைப்படி வில்லும் அம்பும் பழகலாமா? முதல் வில் எப்படி இருக்க வேண்டும்?" அதற்கான விடையை இங்கே தருகிறோம்.

இந்த மண்ணுக்குப் புதியதல்ல

வில் எமது பிரதேசத்துக்கு அந்நியமான கருவி அல்ல. மாத்தளையின் பழைய எல்லைகளைக் கூறும் 'மாத்தளை கடயிம் பொத' என்ற சிங்கள ஏடு இப்பகுதியில் வாழ்ந்த வேடர்களைக் குறிப்பிடுகிறது. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில் சுவையான செய்தி ஒன்றைச் சொல்கிறார். வேடர்கள் இரவில் கொல்லன் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பு முனையின் வடிவில் ஓர் இலையையும் வெட்டி வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் அதன்படி செய்து வைத்தால் அவனுக்கு மேலும் இறைச்சி கிடைக்கும்.

அந்த வேடர்களும் இடம்பெயர்ந்தவர்களே. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டதும் தம்பானை மக்களின் வேட்டைக் காடு பறிபோனது. பலர் மகாவலிக் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டனர். கிழக்கே வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் வேடர் குடும்பங்கள் இன்றும் உள்ளன.

வில்லின் பலம்

முதல் வில் வாங்குவோர் செய்யும் பெரிய தவறு, பலமான வில்லைத் தேடுவது. கை நடுங்கும் வில்லில் குறி பழக முடியாது, தோள்மூட்டும் கெடும். இழுவைப் பலத்தை இறாத்தலில் சொல்வது வழக்கம். வளர்ந்த ஆணுக்கு 25 முதல் 30 இறாத்தல், பெண்ணுக்கு 20 முதல் 25, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 15 போதும். முழுதாக இழுத்துப் பத்து எண்ணும்வரை நடுங்காமல் பிடிக்க முடிந்தால் அது உங்களுக்கேற்ற வில்.

விற்றராசு இல்லாதவர்கள் தண்ணீர் வாளியால் அளக்கலாம். வில்லின் கைப்பிடியை வளையில் கட்டித் தொங்கவிடுங்கள். நாணின் நடுவில் வாளியைக் கொழுவி, ஒரு லீற்றர் போத்தலால் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். நீங்கள் இழுக்கும் தூரத்துக்கு நாண் இறங்கியதும் நிறுத்துங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. வாளியின் எடையையும் சேர்த்து 11 கிலோ வந்தால் அது ஏறக்குறைய 25 இறாத்தல் வில். 13½ கிலோ என்றால் 30 இறாத்தல்.

வில்லின் நீளம்

இரு கைகளையும் விரித்து விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து, அதை இரண்டரையால் வகுத்தால் உங்கள் இழுவைத் தூரம் கிடைக்கும். 66 அங்குலம் விரிகிறவருக்கு அது 26 அங்குலம். வில்லின் நீளம் இழுவைத் தூரத்தின் இரு மடங்குக்கு மேல் குறைந்தது ஒரு சாணாவது கூடுதலாக இருக்க வேண்டும். மேலே சொன்னவருக்கு ஐந்தரை அடி வில் நல்லது. குட்டை வில் பற்றைக்குள் கொண்டுபோக இலகுவானதுதான். ஆனால் புதியவர் கையில் அது முறியும், குறியும் தவறும்.

எந்த மரம்?

பாரம் காவும் காவுதடியை நினைத்துக்கொள்ளுங்கள். பாரத்துக்கு வளைந்து, இறக்கியதும் நிமிர்ந்துகொள்ளும் மரமே வில்லுக்கும் உகந்தது. காவுதடி செய்யும் கமுகும் கித்துளும் இங்கே தாராளம். நன்கு முற்றிய மரத்தின் வெளிப்புற வைரத்தைப் பிளந்தெடுத்து, உட்புறச் சோற்றியைச் சீவிவிட வேண்டும்.

புதியவருக்கு மூங்கிலே மிக இலகுவானது. மூன்று வருடத்துக்கு மேல் முற்றிய மூங்கிலை வெயில் காலத்தில் வெட்டி, சில வாரம் நீரில் ஊறவிட்டால் வண்டு அரிப்பது குறையும். பின்னர் நிழலில் இரண்டு மூன்று மாதம் காயவிடுங்கள். அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் அளவுக்கு மீறிக் காய்ந்து நொறுங்கும். மூங்கிலின் பச்சைத் தோற்புறம் குறியை நோக்கி இருக்க வேண்டும். அந்தத் தோலில் கத்தி படவே கூடாது. சீவுவதெல்லாம் உட்புறத்தில்தான்.

நாணும் அம்பும்

முன்னோர் மருள் நாரைத் திரித்து நாண் செய்தார்கள். இன்று முறுக்கிய தையல் நூல் பல இழையாகச் சேர்த்தால் போதும். மீன்பிடி நைலோன் இழுபடும்; வில்லின் வேகத்தைத் தின்றுவிடும். நாண் ஏற்றியபின் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே, கட்டை விரலை நிமிர்த்திய கைமுட்டி அளவு, அதாவது ஏறக்குறைய ஆறு அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும்.

அம்பு இழுவைத் தூரத்திலும் இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். மெல்லிய மூங்கிற் கிளைகளை அனலில் காட்டி நிமிர்த்தலாம். மூன்று இறகுகளும் கோழியின் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுக்கப்பட வேண்டும். இடதும் வலதும் கலந்தால் அம்பு தடுமாறும். எல்லா அம்பும் ஒரே எடையில் இருப்பது வில்லின் தரத்தைவிட முக்கியம். கணுவில் வெடிப்புள்ள அம்பை முறித்து அடுப்பில் போடுங்கள். அது நாணிலேயே உடைந்து உங்கள் கைக்குள் பாயும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. வில்லின் முதுகில் பஞ்சைத் தடவுங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே சிலாகை எழும்பியிருக்கிறது, வாங்க வேண்டாம்.
2. மெதுவாக இழுத்து, சற்று விலகி நிற்கும் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரு கைகளும் ஒன்றுபோல வளைய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மடிந்தால் அங்கேதான் முறியும்.
3. நாண் கைப்பிடியின் நடுவே ஓடுகிறதா என்று பாருங்கள்.
4. அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள். வில் உடைவதற்கு அதுவே போதும்.
5. வேலை முடிந்ததும் நாணைக் கழற்றிவிட்டு, நிழலில் படுக்கவைத்து வையுங்கள்.

பழகும் இடம்

இரு கைகளையும் நீட்டிச் சிறு முக்கோணம் அமைத்து, அதனூடே தூரத்துப் பொருளொன்றைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடும்போது பொருள் மறையாவிட்டால், திறந்திருப்பதே உங்கள் குறிக்கண். அந்தப் பக்கக் கையால் நாணை இழுப்பது நல்லது.

வைக்கோல் அல்லது தும்பு இறுக்கி அடைத்த உரப்பையை மண் திட்டுக்கு முன்னால் வையுங்கள். பத்து அடி எடுத்து வைத்து நின்று தொடங்குங்கள். பத்து அம்பில் எட்டு விரித்த கையளவுக்குள் விழும்வரை பின்னே போக வேண்டாம். வானத்தை நோக்கி ஒருபோதும் எய்யக் கூடாது. பிள்ளைகள் பெரியவர் இல்லாமல் வில்லைத் தொடக் கூடாது. அம்பு எடுக்கப் போகும்போது எல்லோரும் வில்லைக் கீழே வைக்க வேண்டும்.

புதிய ஊரில் குடியேறியவர்களுக்கு இன்னொரு சொல். முன்பின் தெரியாதவர் வில்லோடு வரம்பில் நடந்தால் அயலவர் மனதில் என்ன எழும் என்பதை எண்ணிப் பாருங்கள். கிராம உத்தியோகத்தரிடமும் பக்கத்துக் காணிக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர்களின் பிள்ளைகளையும் பழகக் கூப்பிடுங்கள். பயம் வர வேண்டிய இடத்தில் பழக்கம் வரும்.

சிறு வேட்டை பற்றி

இலங்கையில் வேட்டையைக் கட்டுப்படுத்துவது 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். பெரும்பாலான விலங்குகளும் பறவைகளும் அதன் பாதுகாப்பில் உள்ளன. வில்லால் கொன்றாலும் துவக்கால் கொன்றாலும் குற்றம் குற்றமே. 1984இல் பிரகடனமான வஸ்கமுவ தேசியப் பூங்காவிலும், 2000ஆம் ஆண்டு முதல் பாதுகாக்கப்பட்டுவரும் நக்கிள்ஸ் வனத்திலும் வேட்டைக் கருவியோடு காலடி வைக்க வேண்டாம். உங்கள் காணிக்கு வரும் எந்தப் பிராணியை என்ன செய்யலாம் என்பதை வனசீவராசிகள் அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே யோசியுங்கள்.

சட்டம் இடம் தந்தாலும் வில் இடம் தராது. 25 இறாத்தல் வில்லால் பன்றியை எய்தால் அது சாகாது. அம்போடு ஓடி, பல நாள் புழுத்து மடியும். காயப்பட்ட பன்றி ஆளையும் பாயும். யானைக்கு முன்னால் வில்லைத் தூக்குவது உயிரைக் கொடுப்பதற்குச் சமம்.

அப்படியானால் இந்த வில் எதற்கு? பழகிய கைக்கு, பொறுமைக்கு, கண்ணுக்கு. சுருக்கும் கட்டுத்துவக்கும் ஆள் இல்லாத நேரத்தில் வேலை செய்கின்றன. வில் அப்படியல்ல, பிடிப்பவர் விழித்திருக்க வேண்டும், என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும், எய்யாமல் விடவும் தெரிந்திருக்க வேண்டும். அந்த விழிப்புத்தான் காவலுக்கு முதல் தேவை. உங்கள் காணியில் சுருக்குக் கம்பி கிடந்தால், வில்லுக்கு மரம் தேடப் போகுமுன் அதைக் கழற்றிவிடுங்கள்.